உள்ளூர்ப் புலி என்று முத்திரை குத்தும் முன்: தமிழ் வர்ணனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிவியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்கிறவர்களுக்கும், அவர்களுக்குப் புள்ளிவிவர அட்டை தயாரித்துக் கொடுக்கிற நண்பர்களுக்கும்,

வணக்கம். டெஸ்டில் ஒரு பேட்ஸ்மேன் களமிறங்கி முதல் பந்தைச் சந்திக்கும் முன்பே திரையில் ஓர் அட்டை வந்துவிடுகிறது. இடது பக்கம் உள்ளூர் சராசரி (சொந்த நாட்டில் ஒவ்வொரு ஆட்டமிழப்புக்கும் எத்தனை ரன்), வலது பக்கம் வெளிநாட்டுச் சராசரி. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் அவ்வளவுதான், 'உள்ளூரில் புலி, வெளியூரில் எலி' என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போட, அப்புறம் அந்த ஆள் நாள் முழுக்க நின்று ஆடினாலும் அந்தப் பேச்சு அவரை விடுவதில்லை. இதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேசிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் ரன் எடுப்பது கஷ்டம் என்பதை நான் மறுக்கவே இல்லை. பந்து தாழ்ந்து வரும் ஆடுகளங்களில் வளர்ந்தவருக்கு பெர்த்தில் அதே அளவில் விழுந்த பந்து நெஞ்சுக்கு ஏறி வரும். இங்கிலாந்தில் மேகம் மூடிவிட்டால் அரை மணி நேரத்தில் ஆட்டமே மாறிவிடும். 2011-ல் அங்கே இந்தியா நான்கு டெஸ்டிலும் தோற்றது, ஆனால் அந்த ஒரே தொடரில் ராகுல் திராவிட் லார்ட்ஸ், டிரென்ட் பிரிட்ஜ், ஓவல் என்று மூன்று இடங்களில் சதம் அடித்தார். ஓவலில் தொடக்க வீரராக இறங்கி, அணி 300-க்குச் சுருண்டபோது 146 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்று, ஃபாலோ-ஆன் ஆனதும் (ரன்னில் ரொம்பப் பின்தங்கியதால் உடனே இரண்டாவது இன்னிங்ஸ் ஆட வேண்டிவந்ததும்) மறுபடியும் முதல் ஆளாகவே இறங்கினார். அதற்கு ஈடாக உள்ளூரில், பேட்டிங்குக்குச் சுலபமான தட்டையான ஆடுகளத்தில் அடித்த ஒரு இரட்டைச் சதத்தை யாராவது கொண்டுவந்தால் நானும் சண்டைக்கு வருவேன்.

ஆனால் அதே திராவிடின் அட்டையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளூரில் 51, வெளிநாட்டில் 53. எவ்வளவு அழகான எண்கள்! அந்த 53-க்குள்ளே இங்கிலாந்தில் 70-ஐ நெருங்கிய சராசரியும் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் 30-ஐத் தொடாத சராசரியும் இருக்கிறது. 'வெளிநாடு' என்று ஒரு நாடு உலகப் படத்தில் எங்கேயும் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கையும் கராச்சியையும் கூட்டி வகுத்து ஒரு எண் போடுகிறோம், அந்த எண் எந்த ஊரையும் சொல்வதில்லை.

கோலியையும் பாருங்கள். இங்கிலாந்தில் 2014-ல் பத்து இன்னிங்ஸில் 134 ரன், 2018-ல் ஒரே தொடரில் 593 ரன். நாடும் ஒன்று, பந்து வீசிய ஆண்டர்சனும் அவரேதான். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் ஆள் அந்த இரண்டு கோடைகளிலும் அங்கே ஆடவே இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இலங்கையின் மஹேல ஜெயவர்தனேயின் கதை. உள்ளூரில் கிட்டத்தட்ட 60, வெளியே கிட்டத்தட்ட 40. இருபது ரன் வித்தியாசம். இந்த வாதம் எப்போது கிளம்பினாலும் முதல் சாட்சியாக அவரைத்தான் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அந்த வித்தியாசம் பொய் இல்லை, அவருடைய சக வீரர் சங்கக்காராவுக்கு அடுத்த இடத்தில்தான் நானும் அவரை வைப்பேன். ஆனால் 2006-ல் கொழும்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் 374, சங்கக்காரா 287, இரண்டு பேரும் சேர்ந்து 624 ரன், இலங்கை ஐந்து விக்கெட்டுக்கு 756. சரி, அடுத்த வாரமே அதே ஊரில் பி. சரவணமுத்து மைதானத்தில் அதே அணிக்கு எதிராக நான்காவது இன்னிங்ஸில் 352 ரன்னைத் துரத்த வேண்டியிருந்தது. இலங்கை ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்தது, ஜெயவர்தனே அதில் 123 எடுத்தார். இரண்டுமே உங்கள் அட்டையில் 'உள்ளூர்' என்ற ஒரே பெட்டிக்குள் போகின்றன. எனக்கு அந்த 123 பெரியது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதைச் சொல்ல அட்டையில் இடம் இல்லை.

வெளியூர்ப் பெட்டியிலும் இதே குழப்பம்தான். 2009-ல் அகமதாபாத்தில் அவர் 275 எடுத்தபோது இலங்கை 760 ரன் குவித்தது. அதே ஆண்டு கராச்சியில் அவர் 240 எடுத்த டெஸ்டில் பாகிஸ்தானின் யூனிஸ் கான் 313 எடுத்தார். இரண்டும் 'வெளிநாட்டு' ரன்கள்தான்! 2006-ல் லார்ட்ஸில் ஃபாலோ-ஆன் ஆகி, தோல்வி உறுதி என்று எல்லோரும் எழுதிவிட்ட பிறகு அவர் 119 எடுத்து, இலங்கை 199 ஓவர் ஆடி டிரா செய்ததே, அதுவும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது.

யூனிஸ் கான் என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணியின் பேருந்து தாக்கப்பட்ட பிறகு 2019 டிசம்பர் வரை பாகிஸ்தானில் ஒரு டெஸ்ட் கூட நடக்கவில்லை. யூனிஸ் 2017-ல் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அவர் 'உள்ளூர்' என்று ஆடியதெல்லாம் துபாயும் அபுதாபியும் ஷார்ஜாவும். கடைசி எட்டு ஆண்டுகள் சொந்த மண்ணே இல்லாமல் ஆடி 10,000 ரன்னைத் தாண்டிய ஒருவருக்கு எந்தப் பெட்டியில் எதைப் போடுவீர்கள்?

நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் ரன் எடுப்பது சுலபம் என்ற நினைப்பே இப்போது பழசாகிவிட்டது. 2024-ல் நியூசிலாந்து வந்து 3-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. பெங்களூரில் மேகமூட்டத்தில் பந்து ஸ்விங் ஆகி 46 ரன்னுக்கு ஆல் அவுட், புனேயிலும் மும்பையிலும் சுழலில் சரிந்தோம். மூன்று வாரத்துக்குள் 'உள்ளூர்' இரண்டு வேறு உலகமாக இருந்தது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பந்து முதல் நாளிலிருந்தே திரும்பியது. ரோகித் சர்மா 161 எடுத்தார், இந்தியாவின் மொத்தம் 329, பதிலுக்கு இங்கிலாந்து மொத்த அணியும் 134. அந்த 161-ஐ உள்ளூர் ரன் என்று தள்ளுபடி செய்கிறவர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

என் அப்பா சாகும்வரை பேசிக்கொண்டிருந்த இன்னிங்ஸும் அதே சேப்பாக்கத்தில் நடந்ததுதான். 1975 ஜனவரி, வெஸ்ட் இண்டீஸ், அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த நாள். இந்தியா 190-க்கு ஆல் அவுட், அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. மற்ற பத்து பேரும் உதிரிகளும் சேர்ந்தே 93-தான். சதக் கணக்கில் அது வராது, வெளிநாட்டுக் கணக்கிலும் வராது, ஆனால் இந்தியா அந்த டெஸ்டை 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. ராபர்ட்ஸின் பந்தை விஸ்வநாத் மணிக்கட்டைத் திருப்பி அடித்ததை அப்பா ஒவ்வொரு முறையும் கையை வீசிக் காட்டித்தான் சொல்வார்.

அதனால் என் கோரிக்கை இதுதான். அந்த அட்டையை எடுக்க வேண்டாம். அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: அவர் ஆடிய அதே போட்டிகளில் இரண்டு அணிகளின் முதல் ஆறு பேட்ஸ்மேன்களும் சேர்ந்து என்ன சராசரி வைத்திருந்தார்கள். அவர் 45, மற்றவர்கள் 25 என்றால் நாங்களே புரிந்துகொள்வோம், அவர் 60, மற்றவர்கள் 55 என்றாலும் புரிந்துகொள்வோம். இதில் சொந்த அணி பலமா பலவீனமா என்ற சிக்கல் கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும், இப்போது போடுவதை விட எவ்வளவோ மேல். இதற்கான ஸ்கோர் கார்டு எல்லாமே உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டு எண்ணையும் நாடு நாடாகப் பிரித்துப் போடுங்கள், இடம் போதவில்லை என்றால் அப்போது ஆட்டம் நடக்கிற நாட்டை மட்டுமாவது போடுங்கள்.

வர்ணனை செய்கிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இந்த ஆடுகளங்களில் நின்று ஆடியவர்கள். நான்காம் நாள் மதியம் பந்து எப்படித் திரும்பும் என்பது எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும். அட்டை வந்ததும் அதைப் படிக்காமல், அந்த ரன் எங்கே, யார் பந்தில், எந்த நாளில் வந்தது என்று நீங்கள் சொல்வதைக் கேட்கத்தான் நாங்கள் ஆங்கில வர்ணனையை விட்டுவிட்டுத் தமிழுக்கு மாற்றுகிறோம்.

அன்புடன்,
சேப்பாக்கம் கேலரியில் வளர்ந்த ஒரு ரசிகன்