வரலாற்று நாவலுக்கு அவகாசம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோழ நாட்டு நாவல்களில் போர்க்களத்தைவிட அடுப்படியிலும் ஆண்டுக் கணக்கிலும்தான் பிழை மலிகிறது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. சோழர் குழம்பில் காரம் மிளகுதான்.

கல்வெட்டு ஆட்சியாண்டைத்தான் சொல்லும். முதலாம் இராசராசன் முடிசூடியது 985இல். எனவே அவனது 29ஆம் ஆண்டு 1013-14. ஆனால் அவன் மகன் இராசேந்திரனின் ஆட்சியாண்டுக் கணக்கு 1012இலேயே தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரே ஆண்டு இருவர் பெயரிலும் வரும். ‘கோராசகேசரி’ என்று பட்டம் மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல்; சோழர் பலருக்கு அது பொது. எழுத்தமைதியையும் (எழுத்துகளின் வடிவம்) உள்ளே வரும் அதிகாரிகள் பெயரையும் ஒப்பிடாமல் முடிவுகட்டக் கூடாது.

உழைப்புக்குப் பலனும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலின் ஆடல் மகளிரை, பெயர், வந்த ஊர், தெருச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பது வரை பட்டியலிடுகிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி. நாளுக்குச் சுமார் 26 நாழி. ஒரு பெண்ணின் வீட்டில் எத்தனை பேர் உண்டிருக்கலாம் என்பதை இதிலிருந்தே கட்டி எழுப்பலாம். கற்பனைக்கு இதைவிட நல்ல அடித்தளம் ஏது?

வாரத்துக்கு ஓர் அத்தியாயம் கேட்டால் இந்த வேலை நடக்காது. தொடரை அறிவிக்கும் முன்பே எழுத்தாளருக்குச் சில மாத அவகாசமும், கல்வெட்டு அறிந்த ஒருவரின் சரிபார்ப்பும் பத்திரிகைகள் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்