கத்தரிக்கோலின் கைப்பிடிப் பக்கம்

கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஹட்டிகள் என்னும் படுகர் ஊர்களிலும் வாழும் எங்கள் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று இரவு எங்கள் குழந்தைகள் இல்லத்தின் எட்டுப் பிள்ளைகளும் அவரவர் கட்டிலில் தூங்கினார்கள், பதினோரு நாட்களுக்குப் பிறகு. நானும் என் கணவரும் தூங்கவில்லை. புதிய வீட்டுக் கூரையில் மழை விழுவதைக் கேட்டபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கூரை தாங்கும் என்று மனம் நம்புவதற்கு ஓர் இரவு தேவைப்பட்டது. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

மழையில் தடுப்புச் சுவர் சரிந்து எங்கள் பழைய வீடு போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பரின் நிலச்சரிவுகளைப் பார்த்த ஊர் இது. தடுப்புச் சுவர் சரியும் ஓசை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

அந்த இருட்டிலேயே சமுதாயக் கூடத்தின் சாவியோடு வந்து நின்ற ஹட்டிப் பெரியவர்களுக்கு நன்றி. பதினோரு நாளும் அவரைக் குழம்பும் சோறும் சூடு ஆறாமல் கொண்டுவந்த அக்காமார்களுக்கு, இரும்புக் கட்டில்களை இரண்டு நடையில் ஏற்றி இறக்கி வாடகை வாங்க மறுத்த தேயிலை லாரி ஓட்டுநருக்கு, சீருடை எங்கே என்று கேட்காத ஆசிரியர்களுக்கு, நாங்கள் யார் என்று தெரிந்த பிறகும் வீடு தந்த உரிமையாளருக்கு நன்றி. தீயணைப்பு வீரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எதை எடுக்கட்டும் என்று கேட்டபோது நான் கோப்புகளைச் சொன்னேன். பிள்ளைகள் டப்பாக்களைச் சொன்னார்கள். இரண்டையும் எடுத்து வந்தீர்கள்.

அந்த டப்பாக்களில் என்னதான் இருந்தது என்று பலர் கேட்டீர்கள். வர்க்கி, முறுக்கு, கடலை மிட்டாய். பசித்துப் பழகிய பிள்ளை இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். திருட்டு என்று பிடுங்கினால் ஒளிக்கும் இடம்தான் மாறும். அதனால் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, அது காலியாகாமல் பார்த்துக்கொள்கிறோம். இப்படித்தான் எங்கள் வீடு நடக்கிறது. மணி அடிப்பதில்லை, சாப்பாட்டுக்கு வரிசை இல்லை. எட்டுப் பேர், ஓர் அடுப்படி, அக்கா என்றும் மாமா என்றும் அழைக்க நாங்கள் இருவர். வாரம் இருமுறை மலையேறி வரும் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ஒருவர். பிள்ளைகள் அரசின் பொறுப்பில் இருப்பவர்கள். குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு எங்களிடம் வந்தவர்கள். அந்தக் குழுவினருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். வீடு போன பிறகு எட்டுப் பேரையும் ஆளுக்கோர் இல்லமாகச் சமவெளிக்கு அனுப்பியிருக்கலாம். மழையில் மேலே வந்து, கூடத்தில் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பேசி, பிரிக்காமல் விட்டார்கள்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அதன் 74-ஆம் பிரிவில். அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் எழுதும் முன், இதில் வரும் பையனிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கத்தரிக்கோலைப் பற்றி எழுதுங்கள், அக்கா. என் முடியைப் பற்றி எழுத வேண்டாம்" என்றான். அப்படியே ஆகட்டும்.

அது கூடத்தில் எங்களுக்கு ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை. சலூன் கடைகளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்குத் துணிப்பையோடு ஓர் அண்ணன் வந்து நின்றார். யாரும் அழைக்கவில்லை. "ஒரு வாரமாகத் தலை காயாமல் இருப்பார்கள், பேன் விழும்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை வெளிச்சம் வரும் வாசலருகே போட்டு, வெள்ளைத் துணியை உதறினார். சில பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் பின்சுவரோடு ஒட்டி நின்றான். யாராவது பின்னால் வந்து தலையைத் தொட்டால் சில பிள்ளைகளுக்கு உடம்பே கல்லாகிவிடும். அதன் காரணங்கள் கோப்பில் இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

அண்ணன் அவனைக் கூப்பிடவில்லை. "பயப்படாதே", "வலிக்காது" என்று எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு வெட்டி முடித்தார், தரையைப் பெருக்கினார். பிறகு அதே நாற்காலியில் தானே உட்கார்ந்து, துணியைத் தன் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கத்தரிக்கோலின் கூர்முனையைத் தன் உள்ளங்கைக்குள் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தை அவனை நோக்கி நீட்டினார்.

"தம்பி, பின்பக்கம் எனக்குக் கை எட்டவில்லை. கொஞ்சம் வெட்டி விடுகிறாயா?"

எங்களிடம் வரும் கோப்புகள் பலவற்றில் ஒரு வரி இருக்கும்: கூர்மையான பொருள்களைக் கைக்கெட்டாமல் வைக்கவும். அந்த வரியை மனப்பாடமாகச் சுமப்பவள் நான். என் கால் ஓர் அடி முன்னால் போய்விட்டது. ஆற்றுப்படுத்துநர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். இருவரும் கையெட்டும் தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவன் வந்தான், கத்தரிக்கோலை வாங்கினான். அந்த அண்ணனின் பின்னந்தலை குனிந்து அவன் முன்னால் இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "தொடட்டுமா, அண்ணே?" என்று கேட்டான். நாங்கள் அவனிடம் இத்தனை மாதங்களாகக் கேட்டுவரும் அதே கேள்வி. "தொடு, தம்பி" என்றார் அவர். அரைமணி நேரம் வெட்டினான். கூடத்தில் அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அதன் பிறகு நடந்ததை எழுத எனக்கு அனுமதி இல்லை.

அண்ணே, நீங்கள் எந்தப் பயிற்சியும் பெற்றவர் அல்ல. அவனைப் பற்றி உங்களிடம் நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள். உடை, புத்தகம், பிறந்தநாள் கேக், அறிவுரை. வாங்கி வாங்கி அவர்களின் கைகள் களைத்துப்போகின்றன. என்னால் முடியவில்லை, நீ செய்து தருவாயா என்று அவர்களிடம் கேட்கப் பெரியவர்கள் யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மாலை ஆற்றுப்படுத்துநரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். பரிசில் பெற்றவன் எதிரே வருபவனுக்கு வழி சொல்வதைத்தானே பழந்தமிழில் ஆற்றுப்படை என்றார்கள்? அவருடைய பதவிப் பெயரிலும் அந்த ஆறு, அந்த வழி, இருக்கிறது. நான் பெற்றேன், அதனால் சொல்கிறேன். பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் ஊர் கடைத்தெருவுக்கு ஒருமுறை வாருங்கள். அந்த அண்ணனின் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இன்றே தொடங்குகிறது. தடுப்பூசியோ பல் மருத்துவரோ, ஒரு பிள்ளையை எந்த நாற்காலியில் உட்காரச் சொல்வதானாலும் முதலில் எங்களில் ஒருவர் அதில் உட்காருவோம். இதை எட்டுப் பேரின் முன்னிலையில் சொல்லிவிட்டோம்.

பதினெட்டு வயதானால் இவர்கள் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். பின்பராமரிப்பு என்று இருபத்தொரு வயது வரை சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். அதற்குப் பிறகும் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு கடை, ஒரு திண்ணை, ஒரு வாசல் வேண்டும். அதை எந்த ஆணையாலும் எங்களால் வாங்கித் தர முடியாது. நீங்கள் தந்திருக்கிறீர்கள்.

அந்த அண்ணனின் பின்னந்தலை இன்னும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. கடையில் இரண்டு சுவரிலும் கண்ணாடி, மேசை நிறையக் கத்தரிக்கோல். அவர் சரிசெய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "ஒரு தம்பி வெட்டிவிட்டது" என்கிறாராம்.

நேற்று வீடு மாறும் வழியில் அவன் அந்தக் கடை வாசலில் நின்றான். உள்ளே எட்டிப் பார்த்து, "இடது பக்கம் வளர்ந்துவிட்டது, அண்ணே. செவ்வாய்க்கிழமை வரட்டுமா?" என்று கேட்டான்.