விசர்நாய்த் தடுப்பூசி முகாமை விடியற்காலைக்கு மாற்றித் தரக் கோரும் மனு

சுகாதார வைத்திய அதிகாரி அவர்கட்கு
பிரதி: கிராம அலுவலர்

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் கிராமத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. இரவில் யானை வேலிக்குக் கிட்ட வந்தால் முதலில் சொல்வது அதுதான். கச்சான் தோட்டத்துக்குள் பன்றி இறங்கினால் துரத்துவதும் அதுதான். அதனால் ஊசி என்று ஒலிபெருக்கியில் கேட்டால் நாங்கள் வராமல் இருப்பதில்லை.

போன ஆவணியில் ஒன்பது மணிக்கு என்றார்கள். வாகனம் வந்தபோது பதினொன்றரை. இடம் விளையாட்டு மைதானம், ஒரு மரம் கிடையாது. சோளகம் வீசும் அந்த மாதங்களில் இங்கே வெயில் 35 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும் என்பது தங்களுக்கும் தெரியும். கடிக்கும் என்ற பயத்தில் வந்தவுடனேயே எல்லா நாய்களுக்கும் வாயைக் கயிற்றால் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். தவறு அங்கேதான் நடந்தது.

நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அந்த வாயையே கட்டி ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினால் என்னவாகும்? அதன் சாதாரண உடற்சூடே 38, 39 பாகை. 41 தாண்டினால் உயிராபத்து. என் நாய் தள்ளாடி விழுந்தது. கட்டை அவிழ்த்தபோது பல்முரசு செங்கல்போலச் சிவந்திருந்தது. கிணற்றடிக்குத் தூக்கிப்போய் வயிற்றிலும் கால்களிலும் தண்ணீர் ஊற்றி, பனை ஓலையால் விசிறித்தான் மீட்டோம். உரப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டிகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டுமென்று ஐஸ் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். சரி, அது தேவைதான். நாய்க்கு ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை.

இந்த வருடம் கொண்டுவர மாட்டோம் என்று இப்போதே சில வீடுகளில் சொல்கிறார்கள். விசர் பரவாமலிருக்க நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி ஏற வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஆட்கள் நின்றுவிட்டால் முகாம் வைத்தும் பயனில்லை.

ஆகவே முகாமைக் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துத் தருமாறு கேட்கிறோம். மைதானம் வேண்டாம், குளக்கட்டு மருதமர நிழல் போதும். வாய்க்கட்டு ஊசி போடும் அந்த நிமிடத்துக்கு மட்டும் இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது தேவையில்லை. வாகனம் பிந்துமென்றால் முதல்நாளே கிராம அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், வீட்டிலேயே நிழலில் கட்டி வைத்திருப்போம். தண்ணீரும் வாளிகளும் எங்கள் பொறுப்பு. அதற்கு இளைஞர்கள் ஐந்தாறு பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

ஆவணிக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கிராம மக்கள் சார்பில்,
ஒரு கமக்காரன்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)