தோள்வலிக்குத் தைலம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 58 வயது பேருந்து ஓட்டுநர். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் தினமும் நடப்பவன், ஒருநாள் ஆசைப்பட்டுக் கம்பியில் தொங்கிப் பழக ஆரம்பித்தேன். உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே இல்லை. இரண்டாம் வாரம் வலது தோள் பிடித்துக்கொண்டது. சட்டை மாட்டக் கை பின்னால் போகாது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு. தைலம் தேய்த்துக்கொண்டு மேலும் தொங்கினேன். அதுதான் பெரிய தவறு.

பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். என்னுடையது அப்படியல்ல. தோள்மூட்டை நான்கு சிறு தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கையை உயரத் தூக்கும்போதெல்லாம் அவற்றின் தசைநார் எலும்புக்கடியில் நசுங்கி வீங்கியிருக்கிறது என்று பிசியோதெரபி செய்த பெண் சொன்னார். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், அப்புறம் குனிந்து நின்று கையை ஊசல்போல மெல்ல ஆட்டுவது, வலி குறைந்ததும் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. சரியாக இரண்டு மாதம் ஆனது.

கையைத் தூக்கவே முடியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் தாமதிக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள். பூங்காவில் என் வயதுக்காரர்கள் பலர் இன்றும் வலியோடு தொங்குகிறார்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் படத்தோடு விளக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்