ஆறாம் வகுப்புக்கு இறங்கும் மலைப் பிள்ளைகளுக்காக

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்றது நம் மாவட்டம். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்னக் குடியிருப்புகள் கண்ணில் படுவதில்லை. அங்கே ஒரு பிள்ளையின் படிப்பு தடுமாறுவது பெரும்பாலும் ஐந்து முடித்து ஆறில் சேரும் அந்த ஜூன் மாதத்தில்தான்.

தொடக்கப்பள்ளி வரை எப்படியோ நடந்துவிடலாம். அதற்கு மேல் படிக்க மலையிறங்க வேண்டும். தச்சமலை, தோட்டமலைப் பக்கத்துப் பிள்ளைகள் பேச்சிப்பாறை அணையின் நீரைப் படகில் கடக்க வேண்டும். 1906-இல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீரில்தான் நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைகின்றன. அதைக் கடந்து பள்ளிக்குப் போகும் பாடு மட்டும் மலைப் பிள்ளைகளுக்கு. பள்ளி திறக்கும்போதே எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பிடித்துவிடும். மழை ஓய்ந்தால் ரப்பர் பால்வெட்டு. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். யானை நடமாடும் வழியில் பதினொரு வயதுப் பிள்ளைக்கு யார் துணை? இலவச பஸ் பாஸ் இருக்கிறது, சரி. பஸ் வராத இடத்தில் அதை வைத்து என்ன செய்வது?

காலை உணவுத் திட்டத்தையும் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும் என்றே வகுத்தார்கள். எல்லாரையும்விட முந்திக் கிளம்ப வேண்டிய ஆறாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு இறங்குகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்ட விதிகள். வழி ஆபத்தானதாக இருந்தால் அந்தத் தூரத்தையும் குறைக்கச் சொல்கின்றன. பள்ளி வைக்க முடியாத சிற்றூர்களுக்கு இலவச வாகனமோ தங்குமிடமோ தரச் சொல்கின்றன. நம் அதிகாரிகள் தங்குமிடத்தையே முதலில் சொல்கிறார்கள். விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வயது மகளை விட்டுப் பிரிய மனம் வராத தாய்க்கு வேறு வழியும் இருக்க வேண்டும். அருகருகே உள்ள குடியிருப்புகளுக்குப் பொதுவாக ஒரு தொடக்கப்பள்ளியையாவது நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துங்கள். பிள்ளைகள் குறைவு என்று தட்டிக்கழிக்க வேண்டாம். எத்தனை பேர் படித்தாலும் கணக்கு-அறிவியலுக்கு, சமூக அறிவியலுக்கு, மொழிக்கு என்று ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும் என்பது அதே சட்டம்.

அதுவரை வழித்துணையோடு படகும் ஜீப்பும் பள்ளி திறக்கும் முதல் நாளிலேயே ஓட வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவர்களின் பட்டியல் ஏப்ரலிலேயே தலைமையாசிரியர்கள் கையில் இருக்கும். யாருக்குப் படகு, யாருக்கு ஜீப் என்று மே மாதமே முடிவு செய்துவிடலாம். அதற்கான கூட்டத்தை நாகர்கோவிலில் வைக்காமல் மலையிலேயே, வேலை முடிந்து தாய்மார்கள் வந்து பேசும்படி மாலை நேரத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரத்திலிருந்து ஒரு முன்னாள் ஆசிரியை