பூங்காவில் இரண்டு பரப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் உள்ளூராட்சிச் சபைக்குச் சொந்தமான சிறுவர் பூங்கா ஒன்று இருக்கிறது. எந்த ஊர், எந்தச் சபை என்று நான் எழுதவில்லை. எழுதினால் மற்ற ஊர்க்காரர் 'இது எங்கட பிரச்சினை இல்லை' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் இப்படிப் பூங்கா ஒன்றிரண்டு அல்ல. முன்பக்கம் ஊஞ்சலும் சறுக்கியும் இருக்கின்றன, பின்னேரத்தில் பிள்ளைகள் வருகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம் நாலைந்து பரப்புக் காணி (எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு, ஏக்கரில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு) சும்மா கிடக்கிறது. சும்மா என்றும் சொல்லமுடியாது. மாரியில் பாதீனியக் களை இடுப்பளவுக்கு எழும்பும், கோடையில் கட்டாக்காலி மாடுகள் படுக்கும், இருட்டினால் போத்தலோடு சிலர் வந்து போவார்கள். அந்தப் பின்பக்கத்தில் இரண்டே இரண்டு பரப்பை, அயலில் இருக்கிற நாங்கள் மரக்கறி செய்வதற்குப் பொதுத்தோட்டமாகத் தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சனசமூக நிலையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் சிரித்தார். "பிள்ளை, யாழ்ப்பாணத்தானுக்கு என்னத்துக்குப் பொதுத்தோட்டம், வீட்டுக்கு வீடு வளவும் கிணறும் இருக்குத்தானே" என்றார். எனக்கு வயது 58, என்னைப் பிள்ளை என்று கூப்பிட இன்னும் ஆள் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அங்கே பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்ன வளவு நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இருந்தது. இப்போது எங்கள் ஒழுங்கையில் ஒரு வளவு சீதனத்துக்கு இரண்டாகி, பிறகு அந்த இரண்டும் நாலாகி, ஒவ்வொன்றிலும் மதிலோடு ஒட்டின வீடு. மிச்சம் இருக்கிற முற்றத்துக்கும் கல் பதித்துவிட்டார்கள், மோட்டார் சைக்கிள் சேற்றில் புதையக்கூடாதாம். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கக்கூட இடமில்லை. அறை எடுத்துப் படிக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முந்தி கிடுகுவேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதுக்குள்ளால் முருங்கைக்காய் வரும், எங்கள் வீட்டிலிருந்து மாங்காய் போகும், கூடவே ஊர்க்கதையும் போகும். மதிலில் யார் பொட்டு வைக்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் தெரியாமல் மூன்று வருடம் இருந்திருக்கிறேன், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

என் அக்கா கனடாவில், ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருக்கிறா. அங்கே மாநகரசபை பூங்காக்களில் துண்டு துண்டாக நிலம் பிரித்து, சின்னக் கட்டணத்துக்கு, அந்த வருடக் கோடைக்கு மட்டும் கொடுக்கிறது. பனி விட்ட பிறகு ஐந்து மாதம்தான் மண்ணில் கை வைக்கலாம். அந்த ஐந்து மாதத்துக்குள் பயிற்றை, பாகல், கத்தரி எல்லாம் செய்து, படம் எடுத்து எனக்கு அனுப்பி எரிச்சல் மூட்டுவா. வருடம் முழுக்க வெயில் இருக்கிற நான் சந்தையில் வாடின வெண்டிக்காயைக் கிளறிக்கொண்டு நிற்கிறேன்.

அரசாங்கம் சொல்லித் தோட்டம் செய்த கதையும் எங்களுக்குத் தெரியும். 2022 இல் சாமான் தட்டுப்பாடு வந்தபோது அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். லீவு எடுத்தார்கள், தோட்டம் செய்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன். அதற்கு முதல் வருடம், இனிச் சேதனப் பசளை (இயற்கை உரம்) மட்டும்தான் என்று சொல்லி, இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, ஆறேழு மாதத்தில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். அதோடு சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே கமக்காரர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களில் பிழை இல்லை.

ஆனாலும் இந்த இரண்டு பரப்பில் யூரியா போடக்கூடாது என்பது என் பிடிவாதம். எங்கள் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, குடிக்கிறது குளிக்கிறது இறைக்கிறது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணீர்தான். மேலே போட்ட உரம் மழையோடு வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடுகிறது. குடிநீரில், இப்படி உரத்திலிருந்து வருகிற நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, செறிவாகத் தோட்டம் செய்கிற பகுதிகளில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் எத்தனையோ இருக்கின்றன. பால்மா கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் அது கூடுதல் ஆபத்து. சந்தைக்கு விளைவிக்கிறவருக்கு விளைச்சல் விழுந்தால் கடன் ஏறும், அவரை நான் குறை சொல்ல வரவில்லை. எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நாலு கத்தரிக்காய் குறைவாகக் காய்த்தால் குடியா முழுகிவிடும்?

பசளைக்கு வெளியில் போகவும் தேவையில்லை. பூங்காவில் விழுகிற சருகை ஒவ்வொரு நாளும் கூட்டிக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையில் எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற உடுப்பெல்லாம் மணக்கிறது. அந்தச் சருகை ஒரு மூலையில் குவித்து, அயலில் மாடு வைத்திருப்பவரிடம் சாணம் வாங்கிக் கலந்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு. எங்கள் அப்பு பூவரசங் குழையை வெட்டிப் பாத்திக்குள் தாழ்ப்பார். தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் யூரியா வராமல் இருந்தபோதும் எங்கள் வீட்டில் மரவள்ளியும் பயிற்றையும் காய்கீரையும் இல்லாமல் போகவில்லை.

நுளம்பு பெருகும் என்று சிலர் சொல்கிறார்கள். மாரியில் டெங்கு எப்படி வரும் என்று தெரிந்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள், சரி. ஆனால் நுளம்பு முட்டையிடுவது பற்றைக்குள் எறிந்து கிடக்கிற யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் போத்தலிலும்தான், அது இப்போதே அங்கே தாராளமாகக் கிடக்கிறது. தினமும் நாலு பேர் கால் வைக்கிற இடத்தில் அவை அவ்வளவு நாள் கிடக்காது. மூடாத தண்ணீர்த்தொட்டி வைக்கக்கூடாது என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். பெயர்ப்பலகை, நாடா வெட்டு, தேங்காய் உடைப்பு, சிற்றுண்டி எல்லாம் எங்களுக்கு நன்றாக வரும். பிறகு பங்குனி வெயிலில் தண்ணீர் விட ஆள் வராது. படலைத் திறப்பு (சாவி) யாரிடம் என்று கேட்டால் அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்பார்கள். ஆகவே சிறிதாகத் தொடங்குவோம். இரண்டு பரப்பில் பாதைக்கும் எருக்குவியலுக்கும் போக இருபது துண்டு வரும், ஆளுக்கு ஒன்று, சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுக்கவேண்டும், தலைவருடைய மச்சானுக்கு முதல் துண்டு என்று வந்தால் அன்றைக்கே தோட்டம் செத்தது. வீட்டில் நிலமில்லாதவர்களின் பெயரை முதலில் குலுக்கலாம். மூன்று கிழமை எட்டிப் பார்க்காதவரின் துண்டு அடுத்தவருக்கு. தண்ணீருக்குப் பூங்காக் கிணற்றிலிருந்து காலையில் ஒரு மணித்தியாலம் மோட்டர் போட்டால் போதும், பாத்திக்குச் சருகு மூடினால் அதுவும் குறையும். மின்சாரக் கட்டணத்தை நாங்கள் பகிர்ந்து கட்டுகிறோம். சபை காசு ஒன்றும் தரத் தேவையில்லை. காணியின் உரிமை சபையிடமே இருக்கட்டும், ஒரு வருட அனுமதிக் கடிதம் ஒன்று, இரண்டு திறப்பு, அவ்வளவுதான் கேட்கிறோம். விவசாயப் போதனாசிரியர் மாதம் ஒருதரம் எட்டிப் பார்த்தால் சந்தோஷம்.

பூங்கா என்றால் பூவும் புல்லும்தான் இருக்கவேண்டும் என்று ஒரு அதிகாரி சொன்னாராம். இருக்கட்டும், ஆனால் பூசணிப்பூவைவிட மஞ்சளான பூ எங்கள் பூங்காவில் இப்போது எதுவும் கிடையாது. இராசவள்ளிக் கிழங்கு கொடியில் வருகிறதா மரத்தில் வருகிறதா என்று என் பேரனிடம் கேட்டேன், கார்கில்ஸ் சுப்பர்மார்க்கெட்டில் வருகிறது என்றான்.

மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரைக்கும் அடிக்கும், அதற்கு முதல் மேட்டுப்பாத்தி கட்டவேண்டும், கத்தரி மிளகாய் நாற்றுப் போடவேண்டும். ஆகவே ஆவணி முடிவதற்குள் ஆம் இல்லை என்று சபை ஒரு பதில் தரவேண்டும். மாட்டுக்கு வேலி தேவை, முள்ளுக்கம்பிக்குக் காசில்லை. எங்கள் வளவின் பின்வேலி இன்னும் மதிலாகவில்லை, வேலிக்கு நடுகிற கிளுவைக் கதியால் வேண்டிய அளவு வெட்டலாம், முதல் மழைக்கு நட்டால் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
ஒழுங்கைவாசி ஒருத்தி,
யாழ்ப்பாணம்.