பலகார விற்பனைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் கானாடுகாத்தானில் நாம் நடத்திய பலகார விற்பனை நல்லபடியாக முடிந்தது. தாய் தகப்பனில் ஒருவரையோ இருவரையுமோ பறிகொடுத்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலை இது. விறகுக் காசு வரைக்கும் எழுதிய வரவு செலவுக் கணக்கைப் பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டோம். இந்த மடல் நன்றி சொல்ல மட்டும்.

முதலில் வீடு கொடுத்தவர்கள். மலேசியாவில் இருக்கும் அந்தக் குடும்பம், நல்லது கெட்டதுக்கு மட்டுமே திறக்கும் வீட்டின் சாவியைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்தது. முகப்பில் விற்பனை, உள்முற்றமான வளவில் பொட்டலம் கட்டுவது, பின்கட்டில் அடுப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எண்ணெய் சிந்துமே என்று நாங்கள்தான் பயந்தோம், அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுவயல் அரிசி ஆலைக்காரர் பச்சரிசியை இறக்கிவிட்டு, பில் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆச்சிமாருக்கு என்ன சொல்வது! தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் பேச்சில்லாமல் முடிந்தன. அதிரசப் பாகின் பதத்தில்தான் இரண்டு ஆச்சிகளுக்கு ஒத்துப்போகவில்லை. கடைசியில் இரண்டு விதமாக அதிரசம் சுட்டார்கள். இரண்டும் தீர்ந்தன. எது முதலில் தீர்ந்தது என்று இங்கே எழுத மாட்டோம், நாளைக்கும் அவர்கள் தயவு வேண்டும்.

பனையோலைக் கொட்டான் முடைந்து தந்த பெண்கள் கூலி வேண்டாம் என்றார்கள். அதை மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கைவேலையில் பிழைக்கிறவர்களிடம் சும்மா வேலை வாங்கி இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பது சரியில்லை என்பது எங்கள் கட்சி. வாங்கிக்கொண்டதற்கு நன்றி.

காரைக்குடிக் கடைக்காரர்கள் சிலர் தாங்கள் கொடுத்ததை மகமைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். லாபத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கும் வழக்கம் இங்கே எல்லாரும் அறிந்ததுதான். வசூலுக்குப் போகக் கூச்சப்பட்ட கல்லூரிப் பிள்ளைகளிடம் ஓர் அண்ணன், "அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த ஊரு இது. நூறு ரூபாய் கேக்க என்னப்பா வெக்கம்?" என்று கேட்டார். அப்புறம் அவர்கள் ஒரு கடையையும் விடவில்லை.

இவ்வளவும் சேர்ந்து வந்த பணம் நோட்டு, பை, செருப்பு, சில வீடுகளில் வாடகைப் பாக்கி என்று செலவாகிவிட்டது. அது ஒருமுறை கொடுக்கிற உதவி. மாதாமாதம் வருகிற உதவிக்கு வழிசெய்தவர்கள் வேறு சிலர், கூட்டத்தில் அவர்களை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். பட்டாலைத் திண்ணையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த பெரியவரையும்தான் சொல்கிறோம்.

மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளும் கேட்கலாம், கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. பல வீடுகளில் இது தெரியவே இல்லை. தெரிந்தவர்களும் இறப்புச் சான்று, வருமானச் சான்று என்று ஏதோ ஒரு காகிதத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து.

பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தத் தாள் குறைகிறது, அதற்கு எந்த அலுவலகம் போக வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. கானாடுகாத்தான்காரர்கள் சிவகங்கைக்குப் போக வேண்டும், அரிமளத்துக்காரர்கள் புதுக்கோட்டைக்கு. இது புரியாமல் பஸ் காசை விட்டவர்கள் உண்டு. அந்தத் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு ஆட்சியரகத்துக்குப் போய், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வாசலில் காத்திருந்து மனுக் கொடுத்த டீச்சர்களுக்கு நாங்கள் எப்போதும் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் பேரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனுக்கள் எல்லாம் இன்னும் முடியவில்லை, முடிகிற வரை அவர்கள் விடப்போவதுமில்லை.

உதவி வாங்கும் பிள்ளைகளின் படம் வேண்டும் என்று கேட்டு, நாங்கள் மறுத்ததும் வருத்தப்படாமல் பணம் அனுப்பியவர்களுக்கும் தனியாக நன்றி. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடை போடுகிறது. சட்டம் கிடக்கட்டும், வகுப்பில் ஒரு பிள்ளையை "வசூல் காசில் பை வாங்கினவ" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. இரண்டு தூக்குவாளி, ஒரு பித்தளைத் தாம்பாளம், பேர் வெட்டாத ஒரு ஜல்லிக் கரண்டி எங்களிடம் தங்கிவிட்டன. உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். கரண்டிக்கு ஏற்கெனவே மூன்று ஆச்சிகள் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

அன்புடன்,
விற்பனைக் குழுவினர்